துண்டு வெட்டின பிறகு

எங்களில் ஒருத்தனின் சித்தப்பாவுக்குப் பாம்பு கடிச்சது ஒரு காலபோக அறுப்பு நேரம். வரம்பில் கால் வைச்ச இடத்தில் புடையன் கிடந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்த இரத்தம் இருபது நிமிசம் கழிச்சும் உறையவில்லை. விசமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சலம் நின்றுபோச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, நாலு தரம் டயாலிசிஸ் செய்து, பதினெட்டாம் நாள் துண்டு வெட்டி அனுப்பினார்கள். போன உயிர் திரும்பி வந்த சந்தோசத்தில் அந்த வருசம் வீட்டுக்காரர் எல்லாரும் புதூர் நாகதம்பிரானுக்குப் போய்ப் பொங்கிப் படைச்சினம். சித்தப்பா அடுத்த மாதமே வயலில் நிண்டார்.

ஆறு வருசத்துக்குப் பிறகு கால் வீங்கி, சோற்று மணத்துக்கே சத்தி வருகுது எண்டு கிளினிக்குக்குப் போனார். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு எப்ப இருந்து கிட்னி வருத்தம்?"

சித்தப்பா சொன்னார்: "எனக்கு அப்பிடி ஒண்டுமில்லையே. ஒருக்காப் பாம்பு கடிச்சது. அது சுகமாயிட்டுது."

சுகமாயிட்டுது எண்டு அவருக்கு ஆர் சொன்னது? அதைத்தான் நாங்கள் இங்கே கேட்க வந்திருக்கிறம்.

பழைய துண்டைத் தேடி எடுத்தோம். இடம்பெயர்ந்து பழகின சனம் காகிதங்களைத் தொலைக்காது. காணி பெர்மிற், பிறப்புச் சாட்சிப் பத்திரம், நிவாரண அட்டை எல்லாவற்றோடும் ஒரே பொலித்தீன் பைக்குள் அது இருந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. பாம்புக்கடி இருக்கிறது, டயாலிசிஸ் செய்தது இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பிய நாளில் எடுத்த கிரியாற்றினின் 1.9 எண்டும் இருக்கிறது. அதாவது அவர் வெளியே வந்த அன்றைக்கே சிறுநீரகம் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. 'அடுத்த கிளினிக் திகதி' எண்ட இடம் மட்டும் வெறுமை.

அந்த ஆஸ்பத்திரியின் பெயரை நாங்கள் எழுதப் போவதில்லை. அவர் உயிரைக் காப்பாற்றினதே அங்கே உள்ளவர்கள்தான். அந்த இரவு கண் முழிச்ச மிஸிமாரை இன்றைக்கும் அந்த வீட்டில் பெயர் சொல்லிக் கதைப்பார்கள். எங்கள் கோபம் ஒரு டொக்டரிலோ ஒரு வாட்டிலோ இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்கு ஒரு மனிதன் உயிரோடு வெளியேறினவன் அல்லது செத்தவன். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு கூட்டம் இருக்கிறது. அதை எண்ணுவதற்கு ஒரு பெட்டிகூட அந்தப் படிவத்தில் இல்லை எண்டதுதான் எங்கள் கோபம்.

சித்தப்பாவுக்கு அன்றைக்கு வந்தது சடுதியான சிறுநீரகப் பாதிப்பு. 48 மணித்தியாலத்துக்குள் கிரியாற்றினின் டெசிலீற்றருக்கு 0.3 மில்லிகிராம் ஏறினாலோ, ஏழு நாளுக்குள் வழமையான அளவை விட ஒன்றரை மடங்கு ஆனாலோ, சலம் ஆறு மணித்தியாலம் சரியாகப் போகாமல் விட்டாலோ அதை அப்படிச் சொல்வார்கள். வன்னியில் இது வருகிற வழிகளை நாங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டு வாறம்: புடையன் கடி, எலிக்காய்ச்சல், வயிற்றோட்டம், பிள்ளைப்பேற்றில் இரத்தம் போறது, பூச்சிமருந்து குடிக்கிறது, கிருமி இரத்தத்தில் ஏறுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கதை, ஒரு நேர்த்தி இருக்கிறது. ஆனால் அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் சிறுநீரகம் ஒரு பக்கப் பாத்திரம். பாம்பு போனால் கதையும் முடிஞ்சுது எண்டு நினைக்கிறம்.

அது முடியிறதில்லை எண்டு உலகம் கண்டுபிடிச்சுக் கனகாலம். 2019இல் 82 ஆய்வுகளை, 20 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சடுதியான பாதிப்பு வந்து தப்பினவர்களுக்கு, அது வராதவர்களோடு ஒப்பிட்டால், நாட்பட்ட சிறுநீரக நோய் வருகிற ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல். சிறுநீரகம் முற்றாகக் கைவிடுகிற ஆபத்து கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. சாகிற ஆபத்து 1.8 மடங்கு. சாவு எண்டவுடன் எல்லாரும் சிறுநீரகத்தால் சாகினம் எண்டு நினைக்க வேண்டாம். கனபேர் சாகிறது இதயத்தால், தொற்றால். சிறுநீரகம் பழுதாகினால் பிறசர் ஏறும், நீர் கட்டும், இதயம் இழுபடும். கடைசியில் மரணச் சான்றிதழில் 'மாரடைப்பு' எண்டு எழுதுப்படும். ஆறு வருசத்துக்கு முந்தின பாம்பு அதில் எங்கேயும் இருக்காது.

"அதெல்லாம் பணக்கார நாட்டுக் கணக்கு. அங்கே ஐசியுவில் கிடக்கிறது எண்பது வயதுக் கிழடுகள். அவை எப்படியும் சாகத்தான் போகினம்" எண்டு ஒரு பதில் வரும். அந்தப் பதிலில் பாதி உண்மை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் நடந்தவைதான். ஆனால் அந்தப் பாதி உண்மை எங்களுக்குச் சாதகமானது இல்லை. எங்கள் பக்கம் பாதிக்கப்படுகிறது வேறு வருத்தமில்லாத, உழைக்கிற வயதுச் சனம். முப்பத்தெட்டு வயதில் ஒரு சிறுநீரகம் பழுதாகத் தொடங்கினால் அதற்கு முன்னால் கிடக்கிற வருசங்கள் எத்தனை?

இலங்கையிலேயே பார்த்தார்கள். பாம்பு கடிச்சுச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 54 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2012இல் வந்தது. ஒரு வருசத்தின் பின் அவர்களில் மூன்றில் ஒன்றுக்கும் அதிகமானவர்களுக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அதில் புடையனோடு இன்னொரு பாம்பும் வருகிறது. சிங்களத்தில் 'குணகட்டுவா' எண்டு சொல்கிற, மூக்கு மேல் நோக்கி வளைஞ்ச சின்ன விரியன். இந்தியாவிலிருந்து வருகிற விசமுறிவு மருந்து நாகம், புடையன், கண்டங்கருவலை, சுருட்டை விரியன் எண்ட நாலுக்குத்தான். இந்தச் சின்னப் பாம்புக்கு அது வேலை செய்யாது. 2012–13இல் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கில் ஒரு வருசத்துக்கு 80,000 பாம்புக்கடி, 400க்கு மேல் சாவு. செத்தவர்களைக் கணக்கெடுத்தாச்சு. தப்பினவர்களில் எத்தனை பேர் சலத்தில் நுரை போகப் போகத் திரியினம்?

எலிக்காய்ச்சலில் நிலைமை கொஞ்சம் நல்லது. பெரும்பாலானவர்களின் சிறுநீரகம் திரும்பி வரும். ஆனால் எல்லாருக்கும் வராது. 2008இல் நாட்டில் 7,000க்கு மேல் நோயாளிகள், 200க்கு மேல் சாவு எண்டு ஒரு பெரிய அலை அடிச்சது. அந்த வருசம் வன்னியில் எலிக்காய்ச்சலைப் பற்றி யோசிக்க ஒருத்தருக்கும் நேரமிருக்கவில்லை, அது வேறு கதை. 2024 டிசெம்பரில் வெள்ளம் வடிஞ்ச கையோடு யாழ்ப்பாணத்தில் சனம் 'என்ன காய்ச்சல் எண்டு தெரியேல்லை' எண்டு சாகத் தொடங்க, பரிசோதிச்சுப் பார்த்தபோது எலிக்காய்ச்சல். அந்தக் கிழமைகளில் பத்திரிகை முழுக்க அதுதான். பிஎச்ஐமார் வயல் வயலாகப் போய் டொக்ஸிசைக்கிளின் குளிசை குடுத்தார்கள். நல்ல வேலை. ஆனால் படுத்து எழும்பினவர்களை மூன்று மாதத்துக்குப் பிறகு ஆராவது கூப்பிட்டுப் பார்த்தார்களா எண்டு எந்தப் பத்திரிகையும் கேட்டதை நாங்கள் காணவில்லை. நாங்களும் அப்போது கேட்கவில்லை.

இந்த மூன்று மாதம் எங்கள் கற்பனை இல்லை. கேடிகோ எண்ட சர்வதேச சிறுநீரக வழிகாட்டல் குழு 2012இலேயே எழுதி வைச்சது: சடுதியான பாதிப்பு வந்த ஒவ்வொருவரையும் மூன்று மாதத்தில் திரும்பப் பாருங்கோ, மீண்டாரா, புதிதாக நாட்பட்ட நோய் தொடங்கிவிட்டதா, இருந்தது மோசமாகிவிட்டதா எண்டு பாருங்கோ. அதுக்கு அடுத்த வருசம் சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் இன்னொரு படி மேலே போய், 2025க்குள் தவிர்க்கக்கூடிய காரணங்களால் இந்தப் பாதிப்பில் ஒருத்தரும் சாகக்கூடாது எண்டு ஒரு சுலோகமே அறிவிச்சது. 2025 வந்தது, போனது. சுலோகத்தை எழுதினவர்கள் இப்போது வேறு சுலோகம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் மூன்று மாதம்? வீட்டுக்கு வந்த கையோடு எடுக்கிற கிரியாற்றினின் பொய் சொல்லும். கிரியாற்றினின் வருவது தசையிலிருந்து. மூன்று கிழமை கட்டிலில் கிடந்து, கஞ்சி குடிச்சு, தசை உருகிப்போன மனிதனுக்கு அது குறைவாகத்தான் காட்டும். 'நோர்மலுக்குக் கிட்ட வந்திட்டுது' எண்டு எல்லாரும் மூச்சு விடுவம். சிறுநீரகத்துக்குள் நடக்கிறது வேறு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் வடிகட்டிகள். விசமோ கிருமியோ நீரிழப்போ அடிச்ச அடியில் ஒரு பகுதி வடிகட்டிகளின் நுண்குழாய்கள் சரியாக ஒட்டாமல் தழும்பாகிவிடும். மிச்சம் இருப்பவை எல்லாருடைய வேலையையும் சேர்த்துச் செய்யும். பாதி வாய்க்கால் தூர்ந்து போனால் மிச்ச வாய்க்காலில் தண்ணி அடிச்சுக்கொண்டு போகுமே, அப்படித்தான். கொஞ்சக் காலம் வயல் பச்சையாகத்தான் தெரியும். பிறகு அந்த வாய்க்காலும் கரை உடைக்கும். கரை உடைகிறதன் முதல் அடையாளம் சலத்தில் புரதம். அமெரிக்காவில் நடந்து 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைத்தான் சொன்னது: துண்டு வெட்டி மூன்று மாதத்தில் சலத்தில் எவ்வளவு அல்புமின் போகுது எண்டதுதான், ஆர் பின்னாளில் விழப்போகினம் எண்டதை நல்லாகக் காட்டிக் குடுக்குது. சலத்தில் ஒரு கீலத்தைத் தோய்ச்சு நிறம் பார்த்தாலே ஆரம்பத்துக்குக் காணும். இதுக்கு கொழும்பிலிருந்து நிபுணர் வரத் தேவையில்லை.

எல்லாரும் விழமாட்டினம், அதையும் சொல்ல வேணும். பயப்படுத்திப் பிழைக்கிறது எங்கள் நோக்கமில்லை. டயாலிசிஸ் வரைக்கும் போனவர்கள், ஒரு கிழமைக்குள் மீளாதவர்கள், வயது போனவர்கள், சீனி வருத்தமும் பிறசரும் உள்ளவர்கள், ஏற்கனவே சிறுநீரகம் கொஞ்சம் களைச்சிருந்தவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். எல்லாவற்றிலும் மோசம் இரண்டாம் தரம் அடி வாங்கிறது.

அந்த இரண்டாவது அடியை எங்கள் ஊரில் நாங்களே கொண்டுபோய்க் குடுக்கிறம். சித்தப்பா மூன்று போகம் நாரி நோவோடு வேலை செய்தார். பாமசியில் 'நோவுக்கு' எண்டு கேட்டால் பேப்பரில் சுற்றி டைக்குளோபினாக் குடுப்பினம். ஒருநாளைக்கு இரண்டு. சித்திரை வெயில், காலையில் குடிச்ச தேத்தண்ணியோடு மதியம் வரை வேலை, அதற்கு மேல் இந்தக் குளிசை. அடிபட்ட சிறுநீரகத்துக்கு இதை விட வேறு நஞ்சு தேவையில்லை. அந்தக் குளிசையை வாங்கிக் குடுத்தது ஆர் தெரியுமா? எங்கள் நண்பன்தான். மோட்டச்சைக்கிளில் போய், மிச்சக் காசுக்கு ரீலோட் போட்டுக்கொண்டு வந்தவன். அவன் இதை எழுதச் சொன்னான்.

நிக்கரகுவாவிலும் எல்சல்வடோரிலும் கரும்பு வெட்டுகிற இளம் பொடியள் சிறுநீரகம் போய்ச் சாகத் தொடங்கியபோது, வெயிலிலும் நீரிழப்பிலும் திரும்பத் திரும்ப வருகிற சின்னச் சின்னச் சடுதிப் பாதிப்புகள்தான் நாட்பட்ட நோயாகச் சேருகுதோ எண்டு ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். முழுக் காரணம் அதுதான் எண்டு அடிச்சுச் சொல்லவில்லை. ஆனாலும் காரணம் தெரியும்வரை காத்திருக்காமல் சில தோட்டங்களில் தண்ணி, ஓய்வு, நிழல் எண்ட மூன்றையும் கொண்டுவந்தார்கள்.

இங்கே நாங்கள் காரணத்துக்காகக் காத்திருக்கிறம். மதவாச்சி வவுனியாவிலிருந்து ஒரு சின்ன பஸ் ஓட்டம். 1990களிலிருந்து அந்தப் பக்கம் பரவின 'காரணம் தெரியாத சிறுநீரக நோய்' வவுனியாவையும் முல்லைத்தீவின் தென்பக்கத்தையும் எப்போதோ தொட்டுவிட்டது. 2013இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில் அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் 15.1 சதவீதம். கட்மியமா, ஆர்செனிக்கா, கல்சியம் கூடின தண்ணியா, களைகொல்லியா எண்டு சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த ஆராய்ச்சி வேணும், நாங்கள் அதுக்கு எதிரில்லை. ஆனால் 'காரணம் தெரியாது' எண்ட சொல் எங்கள் அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் ஒரு நல்ல குடையாகப் போச்சு. அதுக்குக் கீழே காரணம் தெரிஞ்ச நோயாளியும் நிண்டு நனையிறான். சித்தப்பாவின் காரணம் தெரியும். திகதி தெரியும். பாம்பின் நீளம்கூடத் தெரியும்.

குடையோடு சேர்த்து ரிபனும் இருக்கிறது. கடற்படை பூட்டின ஆர்ஓ தண்ணி இயந்திரத்துக்கு ரிபன், வெளிநாட்டு உறவுகள் அனுப்பின டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ரிபன், பக்கத்தில் நாலு பேர், ஒரு மாலை, முகநூலில் ஐம்பது படம். இயந்திரம் வேண்டாம் எண்டு சொல்ல எங்களுக்கு என்ன பைத்தியமா? முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். கிழமைக்கு இரண்டு தரமோ மூன்று தரமோ, ஒரு தரத்துக்கு நாலு மணித்தியாலம், அதற்கு முன்னும் பின்னும் பஸ். அந்த நாட்களில் கூலி இல்லை, துணைக்குப் போகிறவருக்கும் கூலி இல்லை. கிட்ட ஒரு இயந்திரம் வந்தால் அது பெரிய உதவிதான். ஆனால் அந்தக் கட்டிலில் வந்து படுக்கிறவர்களில் எத்தனை பேரை ஐந்து வருசத்துக்கு முந்தியே ஒரு சலப் பரிசோதனையால் பிடிச்சிருக்கலாம் எண்ட கேள்விக்கு ரிபன் கட்ட ஏலாது. டொரண்டோவிலும் லண்டனிலும் இருக்கிற அண்ணன்மாரே, உங்கள் சங்கம் அடுத்த முறை காசு சேர்க்கும்போது ஒரு வருசத்துக்கு ஒரு மாவட்டத்தின் பஸ் காசைப் போட்டுப் பாருங்கோ. படம் நல்லா வராது. பரவாயில்லை.

லண்டன் எண்டவுடன் ஒன்று ஞாபகம் வருகுது. இந்த நோயை நவீன மருத்துவம் தெளிவாகக் கண்டதே குண்டுவீச்சில்தான். 1941இல் பைவாட்டர்ஸ், பீல் எண்ட இரண்டு டொக்டர்மார், இடிஞ்ச வீடுகளுக்குள் நசிபட்டு, உயிரோடு வெளியே எடுக்கப்பட்டு, நல்லாத்தான் இருக்கிறார்கள் எண்டு நினைச்சிருக்க, சலம் குறைஞ்சு சில நாளில் செத்துப்போனவர்களைப் பற்றி எழுதினார்கள். பதுங்குகுழி மூடி மண்ணுக்குள்ளிருந்து இழுத்தெடுக்கப்பட்டவர்கள் எங்கள் ஊர்களில் இன்றைக்கும் இருக்கினம். முள்ளந்தண்டு அடிபட்டு, சலக்குழாயோடு வாழ்ந்து, ஒவ்வொரு முறை கிருமி தொற்றும்போதும் சிறுநீரகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிற அண்ணன்மாரும் அக்காமாரும் இருக்கினம். 2009இல் உங்களுக்கு என்ன நடந்தது எண்டு கேட்கிற ஒரு வரி எந்தக் கிளினிக் கொப்பியிலாவது இருக்கா?

"ஆட்கள் காணாது, டொக்டர்மார் நாட்டை விட்டுப் போகினம், 2022க்குப் பிறகு மருந்தே தட்டுப்பாடு, இதுக்குள்ளே புதுக் கிளினிக்கா?" நியாயமான கேள்வி. நாங்கள் புதுக் கிளினிக் கேட்கவில்லை. இதே நாடு, இதே சுகாதாரத் துறை, 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழ் வாங்கினது. வன்னிச் சனத்துக்கு மலேரியா எண்டால் என்ன எண்டு தெரியும். இரத்தம் குத்தி எடுத்து, ஆரெண்டு கண்டுபிடிச்சு, வீடு தேடிப் போய்க் குளிசை குடுத்துத்தான் அதை ஒழிச்சினம். பிள்ளை பெற்ற வீட்டுக்கு இன்றைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்துகொண்டு வாறா. தேடிப் போகத் தெரியாத நாடு இல்லை இது. (அதே அம்மாவுக்குப் பேற்று நேரம் பிறசர் ஏறிச் சிறுநீரகம் அடிபட்டிருந்தால், பிள்ளையின் நிறை பார்க்க வந்த நேரம் தாயின் சலத்தையும் பிறசரையும் ஒரு வருசம் பார்த்தால் என்ன குறைஞ்சு போகும்?)

பார்த்தால் பலன் உண்டா எண்டதும் கேட்கப்பட்ட கேள்விதான். கனடாவின் ஒன்ராறியோவில், டயாலிசிஸ் வரை போய்த் தப்பினவர்களில் 90 நாளுக்குள் சிறுநீரக மருத்துவரிடம் போனவர்கள், போகாதவர்களை விடக் குறைவாகச் செத்தார்கள். சாவு கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. போக வசதியுள்ளவர்கள்தான் போயிருப்பார்கள், ஆகவே முழுப் புண்ணியமும் கிளினிக்குக்கு இல்லை எண்டு வாதிடலாம். வாதிடுங்கோ. ஆனால் அந்த வாதத்தைச் சித்தப்பாவின் வெறுமையான கட்டத்துக்கு நியாயமாகக் கொண்டு வராதேங்கோ.

துண்டில் ஒரு திகதி எழுதுங்கோ, அதுதான் எங்கள் கேள்வியின் பெரும்பகுதி. மூன்று மாதத்தில் ஒருநாள், ஏற்கனவே நடக்கிற பிறசர் கிளினிக்கிலேயே, கிரியாற்றினின், சலத்தில் புரதம், பிறசர். சரியாக இருந்தால் வருசத்துக்கு ஒருக்கா. துண்டின் பின்பக்கம் தமிழில் இரண்டு வரி: உங்கள் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது, நோவுக் குளிசை கேட்காமல் போடாதேங்கோ, வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்தால் இந்தத் துண்டைக் காட்டுங்கோ. பாமசிக்காரருக்கும் அது தெரியவேணும். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி முதலில் தொடங்கட்டும். ஒரு ரப்பர் முத்திரை அடிச்சால்கூடக் காணும். முத்திரை செய்கிற காசை நாங்கள் தாறம்.

சித்தப்பா இப்போது கிழமைக்கு இரண்டு நாள் போய் வாறார். காணி குத்தகைக்குக் குடுத்தாச்சு.

எங்களில் இன்னொருத்தியின் மச்சாள் போன மாதம் எலிக்காய்ச்சலில் கிடந்து வீட்டுக்கு வந்திருக்கிறா. இடையில் மூன்று நாள் சலம் குறைஞ்சு போனது. அவவின் துண்டிலும் திகதி இல்லை. நாங்களே எண்ணி, அவவின் குசினிச் சுவரில் இருக்கிற கோயில் கலண்டரில் மூன்றாம் மாதத்து ஒரு புதன்கிழமையைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறம். அன்றைக்குக் கச்சான் பிடுங்கப் போக வேணும், கூலி போகும் எண்டு இப்பவே சொல்லுறா. ஓட்டோக் காசு சேர்த்தாச்சு. துண்டில் எழுதாதபடியால் ஓபிடியில் காலை ஆறு மணிக்கே நம்பர் எடுக்க வேணும். அதுக்கு ஆர் போறது எண்டுதான் இப்போது கதைச்சுக்கொண்டிருக்கிறம்.